பொதி மேலாண்மைக் கருவிகளில் சார்புச் சிக்கலும் தீர்வும்

லினக்ஸ் இயங்குதளங்களில் மென்பொருள்கள் பொதிகளாக வழங்கப்படுகின்றன. ஒவ்வொரு பொதியும் தனக்குத் தேவையான பிற பொதிகளையும் தன்னோடு முரண்படுவனவற்றையும் குறிப்பிடுகிறது. டெபியனின் டிபிகேஜி கருவி இச்சார்புகளைச் சரிபார்க்குமேயன்றி, விடுபட்டவற்றைத் தேடிக் கொணராது. 1999இல் வெளிவந்த டெபியன் 2.1 பதிப்பில் இடம்பெற்ற ஏபிடி கருவி அக்குறையைப் போக்கியது.

எனினும், முரணற்ற பொதித்தொகுதியைக் கண்டறிதல், விரைவான பொதுவழி அறியப்படாத என்பி-முழுமை வகைச் சிக்கலாகும். ஊகநெறியைப் பின்பற்றும் கருவி, தீர்வு இருந்தும் அதனைத் தவறவிடக்கூடும். 2008இல் வெளியான ஓப்பன்சூசே 11.0 இச்சார்புகளை ஏரண வாய்பாடுகளாக மாற்றியது. 'அ என்னும் பொதிக்கு ஆ அல்லது இ தேவை' என்பது, 'அ இல்லை, அல்லது ஆ உண்டு, அல்லது இ உண்டு' என்றாகிறது. இவ்வாய்பாடுகள் அனைத்தும் ஒருங்கே மெய்யாகுமா எனத் தீர்ப்பி ஆராய்கிறது. தீர்வு இருப்பின் அது கிட்டும். இல்லையெனில், முரணுக்குக் காரணமான பொதிகளைப் பயனருக்குச் சுட்ட இயலும். எனவே நிறுவல் தோல்வியும் விளக்கத்தக்கதாகிறது.