தெருவோர மின்னேற்றம்: யாருக்கு எந்த விலை?

பிரிட்டனில் மின்சார கார் வாங்க நினைப்பவர் காரின் விலையைப் பார்ப்பதற்கு முன் தம் வீட்டு வாசலைப் பார்க்க வேண்டும். வீட்டு வளாகத்திலேயே வண்டி நிறுத்த இடமிருந்தால், இரவு நேர மலிவு மின்சாரத்தில் மின்னேற்றம் செய்துகொள்ளலாம். தெருவில் நிறுத்துபவர் அதே மின்சாரத்துக்குப் பல மடங்கு விலை கொடுக்க நேரும். இந்த வேறுபாட்டைக் குறைக்கும் வாய்ப்பு இன்று பெருமளவு உள்ளாட்சி மன்றங்களின் கையில் இருக்கிறது. லண்டனில் தெருவோரம் வண்டி நிறுத்துபவர்களில் ஒருவன் என்ற முறையில், அந்த வாய்ப்பு எவ்வாறு பயன்படுத்தப்படுகிறது, எங்கே நழுவவிடப்படுகிறது என்பதை விளக்க விரும்புகிறேன்.

பிரிட்டனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குடும்பங்களுக்கு வீட்டு வளாகத்தில் வாகனம் நிறுத்த இடமில்லை. பெருநகரங்களில் இந்த விகிதம் இன்னும் அதிகம். தமிழர்கள் கணிசமாக வாழும் ஈஸ்ட்ஹாம், டூட்டிங் போன்ற லண்டன் பகுதிகளில், கார்கள் புழக்கத்துக்கு வருமுன் கட்டப்பட்ட தொடர் வீடுகளே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. முன்கதவைத் திறந்தால் ஒரு சிறு முற்றம், அதைக் கடந்தால் நடைபாதை. அதற்கப்பால் எங்கு இடம் கிடைக்கிறதோ, அங்கேதான் வண்டி.

பெட்ரோல் அல்லது டீசலில் மட்டுமே ஓடும் புதிய கார்களின் விற்பனையை 2030-இல் நிறுத்துவது அரசின் கொள்கை. லண்டனில் வாடகைக் கார் ஓட்டுபவர்களுக்கு நெருக்கடி முன்பே வந்துவிட்டது. 2023 ஜனவரி முதல், வாடகைக் காராக முதன்முறை உரிமம் பெறும் வாகனம் புகையின்றி ஓடும் திறன் கொண்டதாக இருக்க வேண்டும். அப்படிப் பிழைப்பு நடத்துபவர்களில் பலரும் தெருவோரம் வண்டி நிறுத்துபவர்களே.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும் நடுத்தர மின்சார காருக்குச் சுமார் 1,800 யூனிட் தேவைப்படும் என்று கொள்வோம். மின்சார வாகன உரிமையாளர்களுக்கான இரவுக் கட்டணம் யூனிட்டுக்கு 8 பென்ஸ் என்றால், ஆண்டுச் செலவு 144 பவுண்டு. தெருவோர மின்னேற்றியில் 50 பென்ஸ் என்றால் 900 பவுண்டு. விரைவு மின்னேற்ற நிலையத்தில் 75 பென்ஸ் என்றால் 1,350 பவுண்டு. லிட்டர் 1.40 பவுண்டு விலையில் அதே தொலைவை ஒரு பெட்ரோல் கார் கடக்க ஏறத்தாழ 900 பவுண்டு ஆகும். ஆக, எரிபொருள் செலவு குறையும் என்ற வாக்குறுதி வாசலில் இடம் உள்ளவருக்கே பொருந்துகிறது. இடமில்லாதவருக்கு மிச்சம் எதுவும் இல்லை.

வரியும் இந்த இடைவெளியைக் கூட்டுகிறது. வீட்டு மின்சாரத்துக்கு மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதம். பொது மின்னேற்றிகளிலோ பல ஆண்டுகளாக 20 சதவீத வரி வசூலிக்கப்பட்டு வருகிறது. இதை மாற்றுவது மத்திய அரசின் வேலை. உள்ளாட்சி மன்றத்தால் இயலாது. ஆனால் மன்றத்தால் இயன்றவை பல உண்டு.

தெருவில் மின்னேற்றம் தர மூன்று வழிகள் பரவலாகக் கையாளப்படுகின்றன. முதலாவது, தெருவிளக்குக் கம்பத்திலேயே மின்னேற்றியைப் பொருத்துவது. பழைய விளக்குகளுக்குப் பதிலாக எல்.இ.டி. வந்ததால், கம்பத்துக்கு வரும் மின் இணைப்பில் மிச்சத் திறன் கிடைத்தது. அதைக்கொண்டு சுமார் 5 கிலோவாட் வரை தர முடிகிறது. இரவு முழுதும் நிற்கும் காருக்கு அது போதும். மத்திய லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் மன்றப் பகுதியில் உள்ள சதர்லாண்ட் அவென்யூவில் 2020-இல் 24 கம்பங்கள் இவ்வாறு மாற்றப்பட்டன. இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. கம்பம் சாலையோரமாக இல்லாமல் வீட்டுச் சுவரையொட்டி நின்றால், கம்பி நடைபாதையைக் கடக்க வேண்டியிருக்கும். அத்தகைய கம்பங்கள் பயன்படா.

இரண்டாவது, தனி மின்னேற்றித் தூண்களை நிறுவி, அருகில் நிறுத்துமிடம் ஒதுக்குவது. இதற்குப் புதிய மின் இணைப்பு வேண்டும், சாலையைத் தோண்ட வேண்டும். நிறுத்துமிடம் குறைகிறது என்ற அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பையும் சமாளிக்க வேண்டும்.

மூன்றாவது, நடைபாதையின் குறுக்கே ஒரு குறுகிய கால்வாய் அமைத்து, அதனுள் வீட்டுக் கம்பியைக் கொண்டுசெல்வது. வீட்டுக் கட்டணத்திலேயே மின்னேற்றம் செய்ய முடிவதால், விலை வேறுபாட்டை நேராகத் தீர்க்கும் வழி இது ஒன்றே. ஆக்ஸ்போர்டு நகரம் இதில் முன்னோடி. இத்தகைய கால்வாய்களுக்காக 2025-இல் அரசு 2.5 கோடி பவுண்டு அறிவித்தது. ஆயினும், மன்றத்தின் அனுமதி இல்லாமல் நடைபாதையில் கை வைக்க முடியாது. அனுமதி கிடைத்தாலும் வாசலுக்கு நேரே உள்ள இடம் நமக்கென ஒதுக்கப்படுவதில்லை.

இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்களுக்கு இப்பணிக்காக அரசு 38.1 கோடி பவுண்டு நிதியை ஒதுக்கியது. அது மட்டும் போதாது. மன்றங்களின் நிதிநிலை மிக மோசம். பர்மிங்காம் போன்ற பெருநகர மன்றமே 2023-இல் வரவு செலவைச் சமன்செய்ய இயலாது என்று அறிவித்தது. எனவே பல மன்றங்கள் தனியார் நிறுவனங்களோடு நீண்டகால ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. மன்றம் இடம் தருகிறது. நிறுவனம் முதலீடு செய்து, மின்னேற்றிகளைப் பராமரித்து, கட்டணம் வசூலிக்கிறது. 15 ஆண்டுகள் வரையிலும்கூட ஒப்பந்தம் நீள்கிறது.

இம்முறையை நான் குறை கூறவில்லை. கையில் பணமில்லாத மன்றத்துக்கு வேறு வழி குறைவு. என் கவலை ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தைப் பற்றியது. எத்தனை மின்னேற்றிகள் என்பது பெருமையாக அறிவிக்கப்படுகிறது; யூனிட் என்ன விலை என்பது நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டால், அந்தத் தெருவாசிகள் 15 ஆண்டுகளுக்கு அதைச் சுமக்க வேண்டும். தம் தெருவில் உள்ள ஒரே நிறுவனத்தை விட்டு அவர்கள் வேறெங்கும் எளிதில் போக முடியாது.

தேசிய விதிகளும் இவர்களுக்கு முழுப் பாதுகாப்புத் தரவில்லை. 2023-ஆம் ஆண்டின் பொது மின்னேற்றி விதிகள், 99 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்ற கட்டாயத்தை 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் தரும் விரைவு நிலையங்களுக்கே விதித்தன. வங்கி அட்டையைக் காட்டிக் கட்டணம் செலுத்தும் வசதியைப் புதிதாக அமைக்கப்படும் 8 கிலோவாட்டுக்குக் குறையாதவற்றுக்குக் கட்டாயமாக்கின. தெருவிளக்குக் கம்பத்து மின்னேற்றி இவ்விரண்டு வரம்புகளுக்கும் கீழே நின்றுவிடுகிறது. அது பழுதானால் சரிசெய்ய வேண்டிய காலக்கெடுவை மன்றத்தின் ஒப்பந்தம்தான் சொல்ல வேண்டும்.

சொந்தக் கார் வைத்திருப்பவருக்காக மன்றம் ஏன் அக்கறைப்பட வேண்டும், அந்தக் கவனம் பேருந்துக்குப் போகக் கூடாதா என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. பேருந்து முதன்மை பெற வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் நள்ளிரவில் பணி முடிந்து திரும்பும் செவிலியருக்கும், வாடகைக் கார் ஓட்டுநருக்கும் கார் ஆடம்பரம் ஆகாது. தவிரவும், நான் கேட்பது இலவச மின்சாரம் அன்று. அரசே வகுத்த மாற்றத்தின் சுமை, வாசலில் இடமில்லாதவர்மீது கூடுதலாக விழக்கூடாது என்பதே.

மன்றங்கள் செய்யக்கூடியவை மூன்று. ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன், வீட்டுக் கட்டணத்தோடு இணைத்த விலை உச்சவரம்பையும் இரவு நேரச் சலுகையையும் அதில் எழுத வேண்டும். நடைபாதைக் கால்வாய்க்கான அனுமதியை எளிதாக்கி, செலவைத் தவணையில் செலுத்த வழி தர வேண்டும். மூன்றாவது, இடத் தேர்வு. கோரிக்கை வரும் தெருவில் முதலில் நிறுவுவது எளிது. ஆனால் கோரிக்கை வைப்பவர் பெரும்பாலும் ஏற்கெனவே மின்சார கார் வாங்கியவர், வசதியுள்ளவர். அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வாடகை வீடுகளும் உள்ள தெருக்களை மன்றமே தேடிச் செல்ல வேண்டும்.

குடியிருப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. தெருவில் தூண் நட அறிவிப்பு வரும்போது, நிறுத்துமிடம் எத்தனை போகும் என்று கேட்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். யூனிட் விலையை யார் நிர்ணயிக்கிறார்கள், எத்தனை ஆண்டுகளுக்கு என்று நம் மன்ற உறுப்பினரிடம் எழுதிக் கேட்க வேண்டும். கையெழுத்தான பிறகு கேட்டால் பதில் கிடைக்கலாம், மாற்றம் கிடைக்காது.