இறங்கறது ஈஸி!

சித்திரை வெயில். திருச்சியில் எங்க ஆபீஸ் ஃபேன் அனலைத்தான் அள்ளி வீசும். 'ஞாயித்துக்கிழமை கொல்லிமலை!' என்று நாலு பேர் கிளம்பினோம். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும் என்பது கணக்கு. 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் காடு, மிளகுக்கொடி, சிலுசிலு காற்று!

மதியச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு, ஆகாய கங்கை அருவிக்கு 1,000 படிக்கு மேல் குதித்து இறங்கினோம். ஏறும்போது கேஷியர் நண்பர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வண்டி வராத இடம். எங்க ஜோக்கெல்லாம் நின்னுபோச்சு. அரை மணி கழித்து, 'மூச்சுதான்யா வாங்குச்சு... வீட்ல சொல்லிடாதீங்க' என்றார். உயிர் வந்தது... எங்களுக்கு!

மறுநாளே டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனோம். இப்போ எங்க பிளான்: விடியலில் கிளம்பணும், காலையிலேயே படி, ஏறி வந்தபிறகுதான் சாப்பாடு. கேஷியரும் வர்றார். மேலேயே உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்வாராம்!