புத்தூர் கட்டும் ஆஸ்டியோபதியும்: எலும்பு, மூட்டுச் சிகிச்சையில் நோயாளிகள் எதை எதிர்பார்க்கலாம்?

பலமனேர்: ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநில எல்லைகளும் நெருங்கும் பகுதியில் அமைந்துள்ளது பலமனேர். சென்னையையும் பெங்களூருவையும் இணைக்கும் சாலைகளில் ஒன்று இவ்வூர் வழியாகச் செல்கிறது. சித்தூரிலிருந்து வரும்போது கடக்க வேண்டிய மொகிலி மலைப்பாதை விபத்துகளுக்குப் பெயர் பெற்றது. இப்பகுதியில் கை, கால் முறிந்தவரின் குடும்பத்தார் முதலில் விவாதிப்பது மருத்துவமனைக்குச் செல்வதா, புத்தூருக்குச் செல்வதா என்பதுதான்.

அண்மைக் காலமாக இந்தக் கேள்வியுடன் மற்றொரு பெயரும் சேர்ந்துள்ளது. முதுகு, கழுத்து, மூட்டு வலிக்குக் கையாலேயே சிகிச்சை அளிப்பதாகக் கூறும் ஆஸ்டியோபதி நிலையங்கள் நகரங்களில் விளம்பரம் செய்து வருகின்றன. கட்டுப் போடுதல், சுளுக்கு எடுத்தல், ஆஸ்டியோபதி, பிசியோதெரபி, எலும்பு அறுவை சிகிச்சை ஆகிய ஐந்தையும் ஒன்றாகக் கருதிக் குழம்புவோர் பலர். ஆனால் இவை ஒவ்வொன்றின் பயனும் எல்லையும் வேறு. அந்த வேறுபாட்டை அறியாமல் இழக்கும் சில மணி நேரம், ஒரு காலையே இழக்கக் காரணமாகிவிடலாம்.

புத்தூர் கட்டு என்பது என்ன?

சென்னை - திருப்பதி சாலையில் உள்ள புத்தூர், 2022ஆம் ஆண்டு மாவட்டப் பிரிப்பு வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தற்போது திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. அதன் அருகிலுள்ள ராச்சபாளையம் பகுதியில் ஒரு ராஜூ குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு வருகின்றனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேசவ ராஜூ என்பவர் இதைத் தொடங்கியதாகக் குடும்ப வழக்கு கூறுகிறது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் நகரந்தோறும் ‘புத்தூர் கட்டு’ என்ற பெயர்ப் பலகைகள் காணப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை அந்த ஊரின் புகழைப் பயன்படுத்திக்கொள்ளும் தனி நிலையங்கள்.

முறை எளிமையானது. முறிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து, எலும்பைக் கையால் நேராக்குகின்றனர். பச்சிலை அரைப்பையும் முட்டையின் வெள்ளைக்கருவையும் பூசி, துணி சுற்றி, மூங்கில் தப்பைகளை வைத்துக் கட்டுகின்றனர். சில நாள் இடைவெளியில் கட்டை அவிழ்த்து மீண்டும் போடுகின்றனர். வரும்போதே எக்ஸ்ரே படத்தை எடுத்து வருவோரும் இப்போது உண்டு.

இதில் பலருக்கு எலும்பு கூடிவிடுகிறது என்பது உண்மை. அதற்கான காரணம் எலும்பின் இயல்பிலேயே உள்ளது. முறிந்த எலும்பின் இரு முனைகளும் விலகாமல், அசையாமல் இருந்தால் உடலே அங்கு புதிய எலும்பை உருவாக்கி இணைத்துக்கொள்ளும். மாவுக்கட்டும் மூங்கில் தப்பையும் அடிப்படையில் செய்வது ஒரே பணிதான்: அசையாமல் பிடித்து வைப்பது. விலகாத முறிவுகளிலும், விரைவில் எலும்பு கூடும் குழந்தைகளிடமும் கட்டு வெற்றி பெறுவதை இதனால் புரிந்துகொள்ளலாம். வளர்ந்தவர்களுக்கு மணிக்கட்டு முறிவு கூடப் பொதுவாக ஏறத்தாழ 6 வாரங்கள் ஆகும். கீழ்க்கால் எலும்புக்கு 3 முதல் 4 மாதங்கள் வரை தேவைப்படலாம். எந்தப் பச்சிலையும் இந்தக் காலத்தைச் சில நாள்களாகக் குறைத்துவிடும் என்பதற்குச் சான்று இல்லை.

எங்கே ஆபத்து?

எல்லா முறிவும் கட்டுக்கு அடங்குவதில்லை. தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே வந்த முறிவில் கிருமித் தொற்று எலும்புக்குள் பரவும். அதற்கு உடனடியாகக் காயத்தைச் சுத்தம் செய்து நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து அளிக்க வேண்டும். முதியோரின் இடுப்பெலும்பு முறிவுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவை. கட்டுப் போட்டு மாதக்கணக்கில் படுக்க வைத்தால் படுக்கைப் புண், நுரையீரல் தொற்று, காலில் இரத்த உறைவு ஆகியவை உயிருக்கே கேடாகலாம். மூட்டுக்குள் செல்லும் முறிவு சரியாகப் பொருந்தாவிட்டால் மூட்டு நிரந்தரமாக விறைத்துப் போகும். குழந்தைகளின் முழங்கை முறிவில் அருகிலுள்ள இரத்தக் குழாயும் நரம்பும் பாதிக்கப்பட வாய்ப்புண்டு.

இவை அனைத்திலும் அஞ்சத்தக்கது இறுகிய கட்டு. முறிவுக்குப் பின் வீக்கம் அதிகரிப்பது இயல்பு. இறுக்கமான கட்டுக்குள் வீக்கம் கூடினால் இரத்த ஓட்டம் தடைபடும். சுமார் 6 மணி நேரத்துக்கு மேல் இந்நிலை நீடித்தால் தசைகளும் நரம்புகளும் மடியத் தொடங்கும். கை விரல்கள் மடங்கியபடி நிலைத்துவிடுவதும், அழுகிய கை அல்லது காலை அகற்ற நேர்வதும் இதன் விளைவுகள். நாட்டு முறையில் மட்டுமன்றி, மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டிலும் இது நேரலாம். கட்டு யார் போட்டது என்பதைவிட, அதன் பிறகு கவனித்தார்களா என்பதே முக்கியம்.

எனவே கட்டுப் போட்ட பின் சில அடையாளங்களை வீட்டினர் கவனிக்க வேண்டும். வலி குறையாமல் மணிக்கு மணி கூடுதல், விரல்களை மெல்ல நீட்டினாலே தாங்க முடியாத வலி, விரல்கள் மரத்துப்போதல், வெளிறியோ நீலம் பாய்ந்தோ குளிர்ந்து போதல், விரல்களை அசைக்க இயலாமை ஆகிய எவற்றில் ஒன்று தெரிந்தாலும் நள்ளிரவானாலும் கட்டைத் தளர்த்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ‘கட்டு அப்படித்தான் வலிக்கும்’ என்ற ஆறுதலை நம்பி விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

ஆஸ்டியோபதி எப்படி வந்தது?

அமெரிக்க மருத்துவரான ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874ஆம் ஆண்டு ஆஸ்டியோபதி என்ற கொள்கையை முன்வைத்தார். 1892ஆம் ஆண்டு மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் நகரில் இதற்கான முதல் கல்லூரியைத் தொடங்கினார். அவரே ஒரு காலத்தில் ஊர் ஊராகச் சென்று, மின்னல் வேகத்தில் எலும்பு கட்டுபவர் என்று விளம்பரம் செய்துகொண்டவர். எலும்பு, தசை, மூட்டுகளின் அமைப்பைச் சீராக்கினால் உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்பது அவரது கருத்து.

இங்கிலாந்திலும் நாட்டு வைத்தியத்துக்கும் நவீன மருத்துவத்துக்கும் இத்தகைய தொடர்பு இருந்தது. தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டிய வேல்ஸ் குடும்பம் ஒன்றில் பிறந்த ஹியூ ஓவன் தாமஸ், முறையாக மருத்துவம் பயின்று தொடைச் சட்டம் ஒன்றை உருவாக்கினார். முதல் உலகப் போரில் தொடையெலும்பு முறிந்த வீரர்களின் உயிரிழப்பைப் பெருமளவு குறைத்தது அந்தச் சட்டமே. குடும்பக் கைத்திறன் கல்வியோடு சேர்ந்தபோது அது அறிவியலாக வளர்ந்தது.

இன்று ‘ஆஸ்டியோபதி’ என்ற சொல்லுக்கு நாட்டுக்கு நாடு பொருள் வேறு. அமெரிக்காவில் இப்பட்டம் பெற்றவர்கள் அறுவை சிகிச்சை உட்பட அனைத்தும் செய்யும் முழு உரிமம் பெற்ற மருத்துவர்கள். பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதற்கான பொதுக் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே ஆஸ்டியோபத் என்று தம்மை அழைத்துக்கொள்ளலாம். அவர்கள் கையால் சிகிச்சை அளிப்பவர்களே. இந்தியாவில் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் உள்ள ஆயுர்வேதம், யோகா, இயற்கை மருத்துவம், யுனானி, சித்தா, சோவா ரிக்பா, ஹோமியோபதி ஆகியவற்றின் பட்டியலில் ஆஸ்டியோபதி இல்லை. எனவே பலகையில் உள்ள பட்டத்தை மட்டும் கண்டு முடிவு செய்யாமல், சிகிச்சை அளிப்பவர் எம்.பி.பி.எஸ். மருத்துவரா, பிசியோதெரபி பட்டதாரியா, குறுகிய காலப் பயிற்சி மட்டும் பெற்றவரா என்பதைக் கேட்டறிவது நோயாளியின் உரிமை.

முதல் சந்திப்பில் என்ன நடக்கும்?

முறையாகப் பயின்றவர் எடுத்தவுடன் கழுத்தையோ முதுகையோ சொடுக்க மாட்டார். வலி எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, வேறு நோய்கள் உண்டா, என்ன மருந்துகள் உட்கொள்ளப்படுகின்றன என்பவற்றை விரிவாகக் கேட்பார். நிற்கும் விதம், குனிதல், திரும்புதல், கால் வலிமை ஆகியவற்றைச் சோதிப்பார். பிறகு தசைகளை அழுத்தி நீவுதல், மூட்டுகளை மெதுவாக அசைத்தல், நீட்டுதல், தேவைப்பட்டால் விரைவான சிறு தள்ளுதல் ஆகியவற்றைச் செய்வார். அப்போது ‘சடக்’ என்று எழும் ஓசை மூட்டுத் திரவத்தில் உள்ள வாயுக் குமிழியால் உண்டாவது. விலகிய எலும்பு இடத்தில் அமர்ந்ததன் அடையாளம் அன்று.

சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் உடல்வலி, சோர்வு, தலைவலி இருக்கலாம். சில அமர்வுகளில் முன்னேற்றம் தெரியவில்லை எனில் சிகிச்சையை மறுபரிசீலனை செய்ய வேண்டும். நோயைக் கண்டறியாமலேயே பல மாதங்களுக்கான தொகையை முன்கூட்டிக் கேட்பது எச்சரிக்கைக்குரியது.

எதற்குப் பயன், எதற்கு இல்லை?

உலக சுகாதார அமைப்பின் கணக்கின்படி, 2020ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியுடன் வாழ்ந்தனர். நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு அந்த அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடற்பயிற்சி, நோயாளிக்கு விளக்கம் அளித்தல், முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சை, மசாஜ் ஆகியவை இடம்பெற்றுள்ளன. அதே சமயம், இங்கு பரவலாகப் பயன்படுத்தப்படும் இடுப்பு பெல்ட்டும் இழுவைச் சிகிச்சையும் வழக்கமாகப் பரிந்துரைக்கப்படவில்லை. பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் கைச்சிகிச்சையைத் தனியாக அன்றி, உடற்பயிற்சியுடன் சேர்ந்த ஒரு பகுதியாகவே ஏற்கிறது.

அதாவது, ஆஸ்டியோபதியால் முதுகுவலியில் ஓரளவு நிவாரணம் எதிர்பார்க்கலாம். ஆனால் முறிந்த எலும்பைக் கூட்டவோ, தேய்ந்த மூட்டை மீண்டும் வளரச் செய்யவோ, நீரிழிவு, ஆஸ்துமா போன்ற நோய்களைத் தீர்க்கவோ அதனால் இயலும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

எலும்புப்புரை உள்ளவர்கள், இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்கள், எலும்புக்குப் பரவிய புற்றுநோய் அல்லது மூட்டுத் தொற்று உள்ளவர்கள் வலுவான அசைவுச் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டும். கழுத்தை வேகமாகத் திருப்புவதால் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் ஏற்படுவது அரிது எனினும், அது பதிவாகியுள்ள ஆபத்து. முடிதிருத்தகங்களில் கழுத்தைச் சொடுக்கும் பழக்கத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

முதுகுவலியோடு சிறுநீர் அடைப்பு அல்லது கட்டுப்பாடின்மை, தொடைகளின் நடுப்பகுதி மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகியவை சேர்ந்தால் அது அவசரநிலை. மாலைக் காய்ச்சல், எடை குறைவு ஆகியவை சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும். காசநோய் பரவலாக உள்ள இந்நாட்டில், அந்த முதுகை அழுத்தி நீவுவது ஊனத்தில் முடியலாம்.

செலவும் அச்சமும்

நாட்டுக் கட்டை நாடுவோர் அறியாமையால் மட்டும் செல்வதில்லை. அறுவை சிகிச்சை குறித்த அச்சம், கம்பி வைக்க ஆகும் செலவு, வேலையிழப்பு ஆகியவை நியாயமான கவலைகள். அவற்றுள் செலவுக்கு இப்போது சில வழிகள் உள்ளன. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவிக்கை செய்த திட்டத்தின்படி, சாலை விபத்தில் காயமடைந்தோர் பட்டியலிடப்பட்ட மருத்துவமனைகளில் 7 நாள்கள் வரை, ரூ.1.5 லட்சம் வரை கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நேர்ந்தால், 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவுகிறது. திருப்பதியில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் இயங்கும் ‘பர்ட்’ எலும்பு மருத்துவமனையும் அரசு ருயா மருத்துவமனையும் உள்ளன. எல்லை தாண்டினால் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை உள்ளது. விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த நிலையிலும் மருத்துவர் மேரி வர்கீஸ் முன்னின்று உருவாக்கிய மறுவாழ்வு மையம் 1966 முதல் அங்கு இயங்குகிறது.

பலமனேர் போன்ற ஊர்களில் விபத்து நேர்ந்தால் பின்பற்ற வேண்டிய வரிசை எளியது. முறிந்த பகுதியைத் தூக்கவோ இழுக்கவோ முயலாமல், பலகையோ அட்டையோ வைத்து அசையாமல் தாங்கி, 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, முறிவு எத்தகையது என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். எலும்பு விலகியுள்ளதா, மூட்டுக்குள் செல்கிறதா, இரத்த ஓட்டமும் நரம்பும் சரியாக உள்ளனவா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகே எந்தச் சிகிச்சை என்று குடும்பம் முடிவெடுக்கலாம். விலகாத முறிவுக்குக் கட்டை நாடுவோரும், நாள்தோறும் விரல்களின் உணர்வைச் சோதித்து, மருத்துவர் கூறும் நாளில் மீண்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம். எலும்பு கூடிய பின் பிசியோதெரபி பயிற்சியைத் தொடர்ந்தால்தான் கை, கால் பழைய பலத்துக்குத் திரும்பும்.