மாயா பஜாரில் காணாமல் போன பாட்டுகள்

'மாயா பஜார்' என்று பெயர் போட்ட மூன்று பெட்டிகள் என் அலுமாரியில் இருக்கின்றன. ஒன்று வீடியோ கசட். அடுத்தது இரண்டு தட்டு உள்ள விசிடி. மூன்றாவது, சென்னைக்குப் போய் வந்த மருமகன் கொண்டு வந்து கொடுத்த தெலுங்குக் கலர் டிவிடி. அட்டையைப் பார்த்தால் எல்லாம் ஒரே கதை, ஒரே கடோத்கஜன். போட்டுப் பார்த்தால் நீளமும் வேறு, படமும் வேறு.

நான் நல்லதண்ணி பஜாரில் வீடியோக் கடை நடத்தியவன். டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை சீசன். அப்போது மலை ஏறுகிறவர்களுக்குக் கம்பளித் தொப்பியும் டோர்ச்சும் விற்பேன். மற்ற மாதங்களில் டெக், டீவி, கசட் வாடகை. கல்யாணம், சடங்கு, தீபாவளி, எதுவானாலும் லயத்து வாசலில் டீவி வைத்து விடிய விடியப் படம் ஓடும். கரண்ட் வராத தோட்டம் என்றால் ஜெனரேட்டரும் என்னோடு வரும். எண்ணெய்க் காசு அவர்கள் பொறுப்பு. அதனால் என்னிடம் வரும் முதல் கேள்வி நடிகர் யார் என்பதல்ல, படம் எத்தனை மணி நேரம் என்பதுதான். மூன்று படம் போட வேண்டிய இரவில் பின்னாலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும்: "அண்ணே, பாட்ட ஓட்டி விடுங்க!"

சண்டைப் படமென்றால் ஓட்டிவிடுவேன். கதைக்கு ஒன்றும் ஆகாது. மாயா பஜாரில் அது முடியாது. ஏன் முடியாது என்பதற்கு ஒரு பாட்டைச் சொன்னாலே போதும். நிலவொளியில் படகு போகும், 'ஆஹா இன்ப நிலாவினிலே' பாட்டு. முதலில் படகில் அபிமன்யுவும் வத்சலாவும். கொஞ்ச நேரத்தில் கண்ணனும் ருக்மிணியும் அங்கே வருகிறார்கள். இளசுகள் ஒளிய, பெரியவர்கள் படகேறிப் பாட்டைத் தொடர்கிறார்கள். அப்புறம் வத்சலாவின் பெற்றோரான பலராமனும் ரேவதியும். யார் யாருக்கு விட்டுக்கொடுக்கிறார், யார் கண்ணில் யார் படக்கூடாது, இந்தக் காதலுக்கு யார் துணை, யார் தடையாகப் போகிறவர் என்பதெல்லாம் அந்த ஒரே பாட்டுக்குள் முடிந்துவிடுகிறது. வசனமாக எழுதினால் நான்கு காட்சி வேண்டும். அந்தப் பாட்டை ஓட்டிவிட்டால் பிறகு பலராமன் வந்து மிரட்டும்போது பார்க்கிறவனுக்கு ஒட்டாது.

படத்தைப் பற்றிக் கொஞ்சம். 1957இல் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தங்கள் விஜயா நிறுவனத்துக்காகச் சென்னை வாஹினி ஸ்டூடியோவில் எடுத்தது. இயக்கம் கே.வி. ரெட்டி. தெலுங்கும் தமிழும் சேர்த்தே எடுத்தார்கள். தெலுங்கு மார்ச்சிலும் தமிழ் ஏப்ரலிலும் வெளியாயின. என்.டி. ராமராவ் கண்ணன், சாவித்திரி நாயகி வத்சலா, எஸ்.வி. ரங்காராவ் கடோத்கஜன். இந்த மூவரும் இரண்டு மொழியிலும் உண்டு. அபிமன்யுவாகத் தெலுங்கில் நாகேஸ்வரராவ், தமிழில் ஜெமினி கணேசன். துரியோதனன் மகன் இலக்கண குமாரனாகத் தமிழில் நடித்த தங்கவேலுவுக்காகவே கசட் கேட்டு வந்தவர்கள் உண்டு. பாண்டவர் கதைதான், ஆனால் படம் முழுக்கப் பாண்டவர் ஐவரில் ஒருவர்கூடத் திரையில் தலைகாட்டமாட்டார். முதல் தடவை பார்க்கிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை!

எல்லாம் செட்டு, எல்லாம் மாயம். துவாரகை நகரத்தை 50 அடிக்கு 60 அடி இடத்தில் 300 சின்னச் சின்ன வீடுகளை வைத்துக் கட்டியவர்கள் கலை இயக்குநர்கள் கோகலேயும் கலாதரும். அந்தப் படகுப் பாட்டின் நிலவொளி ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி விளக்குகளை வைத்து உண்டாக்கியது. நிஜம் மாதிரி இருக்க வேண்டும் என்று இந்தப் படம் ஒரு நிமிடம்கூட முயற்சி செய்வதில்லை. எங்கள் பக்கத்து அருச்சுனன் தபசுக் கூத்தும் அப்படித்தானே? முற்றத்தில் ஒரு கம்பம் நட்டால் அது கைலாயம். ராஜா வந்தால் தான் யாரென்று பாடிக்கொண்டுதான் வருவார். அங்கே பாட்டு கதைக்கு நடுவில் வரும் இளைப்பாறுதல் அல்ல, கதை நடப்பதே பாட்டில்தான். மாயா பஜாரும் மேடையிலிருந்து வந்த சரக்கு. ஊருக்கெல்லாம் தெரிந்த 'கல்யாண சமையல் சாதம்' பாட்டின் மெட்டு, ஆந்திரத்தில் சுரபி நாடகக் குழுக்கள் மேடையேற்றிவந்த பழைய பாட்டின் வழியில் வந்தது. தமிழில் அதைத் திருச்சி லோகநாதன் பாடினார். இசை கண்டசாலா. அதற்கு முன் எஸ். ராஜேஸ்வரராவும் சில மெட்டுகள் போட்டுக் கொடுத்திருந்தார்.

தபசில் வேஷம் கட்டிய ஒரு பெரியவர் எங்கள் பக்கத்தில் இருந்தார். ஒருநாள் யாரோ பாட்டை ஓட்டச் சொன்னபோது அவர் எழுந்து நின்று, "பாட்ட வெட்டிப்புட்டா அப்புறம் என்னா தம்பி மிச்சம்? நாலு பேரு நின்னு பேசுறதுதான்!" என்றார். அன்றைக்கு எண்ணெய்க் காசில் குறைந்ததை அவரே கொடுத்தார்.

சரி, பிரதிகளுக்கு வருவோம். நாங்கள் பயன்படுத்திய சாதாரண கசட் 180 நிமிடம் பிடிக்கும். தமிழ் மாயா பஜார் மூன்று மணிக்குச் சற்றுக் குறைவு என்பதால் ஒரே கசட்டில் அடங்கும். படம் மங்கலாகத் தெரியும், மழை பெய்கிற மாதிரி கோடு விழும். ஆனால் முழுசாக இருக்கும். விசிடி வந்தபோது எல்லோரும் தெளிவு தெளிவு என்று ஓடினோம். ஒரு விசிடித் தட்டு 74 முதல் 80 நிமிடம் வரைதான் கொள்ளும். அப்படியானால் மூன்று மணி நேரப் படத்துக்கு மூன்று தட்டு வேண்டும். மூன்று தட்டு போட்டால் செலவு. என்னிடமுள்ள பிரதியைச் செய்த புண்ணியவான் இரண்டே தட்டில் முடித்திருக்கிறார். எதை எடுத்திருப்பார்? வசனத்தைக் குறைத்தால் கதை புரியாது என்று பயம், சண்டையைக் குறைத்தால் வாங்குகிறவன் திட்டுவான். பாட்டில்தான் கத்தரி. படகில் முதல் ஜோடி மட்டும் போகிறது, மற்ற இரண்டு ஜோடியும் வரவே இல்லை. பலராமன் பிற்பாடு எதற்குக் கோபப்படுகிறார் என்று பேரப்பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள்.

கலர்ப் பிரதியின் கதை வேறு. ஐதராபாத்தைச் சேர்ந்த கோல்ட்ஸ்டோன் டெக்னாலஜிஸ் தெலுங்கு மாயா பஜாருக்குக் கணினி மூலம் வண்ணம் பூசி, பழைய ஒற்றை ஒலியைப் பல திசைகளிலிருந்து கேட்கும் டிடிஎஸ் ஒலியாக்கி, 2010 ஜனவரி 30இல் திரையரங்குகளில் விட்டது. திருட்டு வேலை இல்லை, மரியாதையான வேலை. பாழாகிக்கிடந்த நெகட்டிவைச் சுத்தம் செய்து, ஒவ்வொரு சட்டகமாக நிறம் கொடுத்திருக்கிறார்கள். மூலப்படம் 184 நிமிடம். கலர்ப் படம் 165 நிமிடம். சில பாட்டும் செய்யுளும் போய்விட்டன.

வண்ணத்தில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. விருந்துக் காட்சியில் லட்டும் பலகாரமும் தானாகப் பறந்து ரங்காராவின் வாய்க்குள் போகும்போது, கலரில் பார்க்கும் சிறுசுகள் கைதட்டுகிறார்கள். நானும் தட்டினேன். நிலவுப் பாட்டில் மட்டும் மனம் ஒப்பவில்லை. பார்ட்லி வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையில் வைத்து வைத்துச் செய்த வெளிச்சம் அது. அதன்மேல் நிறம் ஏறியதும் நிலா போய்ப் பெயின்ட் வந்துவிட்டது. சாவித்திரியின் முகத்துக்கு நிறம் தேவையே இல்லை. வத்சலாவின் உருவெடுத்த கடோத்கஜனாக அவர் மீசை முறுக்குகிற பாவனையில் நிற்கும்போது, கறுப்பு வெள்ளையில் அந்தக் கண்கள் செய்யும் வேலை கலரில் பாதிதான் தெரிகிறது. இது என் கண்ணின் தீர்ப்பு. பேரன் ஒத்துக்கொள்ளவில்லை.

நீளத்தில்தான் என் சண்டை. தெலுங்கு எனக்குத் தெரியாது. ஆனால் தமிழ்க் கசட்டைத் தேயத் தேயப் பார்த்தவனுக்கு, அடுத்து எது வரவேண்டும் என்று கை காலுக்கே தெரியும். அது வராதபோது ஒரு படி தவறிய மாதிரி இருக்கிறது. வண்ணம் வேண்டாமென்றால் டீவியில் நிறத்தைக் குறைத்துக் கறுப்பு வெள்ளையாகப் பார்த்துவிடலாம். வெட்டியதை எந்தப் பொத்தானை அமுக்கிக் கொண்டுவருவது?

இது மாயா பஜாருக்கு மட்டும் நடந்ததல்ல. 'மொகலே ஆசம்' என்ற பழைய இந்திப் படம் 2004இல் கலரில் வந்தபோது 197 நிமிடத்திலிருந்து 177 நிமிடமானது. இந்தக் காலத்து ஆளுக்குப் பொறுமை இல்லை என்பதுதான் எப்போதும் சொல்லும் காரணம். சீசனில் இரவு முழுக்க மலை ஏறி விடியலில் சூரியனைப் பார்த்துவிட்டு இறங்கும் இளைஞர்களை வருஷா வருஷம் பார்க்கிறவன் நான். பொறுமை இல்லை என்ற கதையை என்னிடம் சொல்லவேண்டாம்.

எதிர்த் திசையில் போனவர் ஒருவரும் உண்டு. அமெரிக்க இயக்குநர் கொப்போலா 1984இல் 'த கொட்டன் கிளப்' என்று ஒரு படம் எடுத்தார். நியூயோர்க் ஹார்லெமில் கறுப்பின மக்கள் ஆடிப்பாட, வெள்ளையர்கள் மட்டும் உட்கார்ந்து ரசித்த இரவு விடுதியின் கதை. வெளியீட்டுக்கு முன் கறுப்பினக் கலைஞர்களின் ஆட்டமும் பாட்டும் கதையும் நிறையக் குறைக்கப்பட்டு, வெள்ளையர் கதை முன்னுக்கு வந்தது. பல வருஷம் கழித்து, அந்தப் பழைய நீளப் படத்தின் பதிவு ஒன்று கொப்போலாவுக்குக் கிடைத்தது. எதில் தெரியுமா? பீட்டாமக்ஸ் கசட்டில்! அதை வழிகாட்டியாக வைத்து, தன் கைக்காசைப் போட்டு, கிரெகரி ஹைன்ஸும் அவர் அண்ணன் மோரிஸும் ஆடும் ஆட்டங்களையும் லோனெட் மக்கீயின் பாட்டையும் திரும்பச் சேர்த்தார். 127 நிமிடப் படம் 139 நிமிடமானது. அது 2017இல் விழாவில் காட்டப்பட்டு, 2019இல் வீட்டில் பார்க்கும் தட்டாகவும் வந்தது. நீளம் கூடிய பிறகுதான் அந்த விடுதி யாருடைய உழைப்பில் நடந்தது என்பது தெளிவாகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. மாயா பஜாரைப் பிள்ளைகளுக்கு முதன்முதலாகக் காட்டுகிறீர்களா, தமிழ் கறுப்பு வெள்ளைப் பிரதியையே காட்டுங்கள், மூன்று மணி நேரத்தோடு. கலரை அடுத்த வாரம் பார்க்கலாம். வாங்கும்போது அட்டைப் படத்தைப் பார்க்காமல் நிமிடக் கணக்கைப் பாருங்கள். மூன்று மணிக்கு வெகுவாகக் குறைந்தால் பாட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். பழைய படங்களின் சட்டம் கிட்டத்தட்டச் சதுரம். புதிய அகல டீவியில் இரண்டு பக்கமும் கறுப்பு விழுகிறதென்று இழுத்துப் பெரிதாக்காதீர்கள். கடோத்கஜன் தலை கிரீடத்தோடு போய்விடும்.

வீட்டில் பழைய கசட்டுகள் கிடந்தால் குப்பையில் போடவேண்டாம். எங்கள் ஊர் ஈரத்தில் அதன் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும். அப்படித் தெரிந்தால் டெக்கில் போட்டுப் பார்க்காதீர்கள், டெக்கின் ஹெட்டும் கெடும், நாடாவும் அறும். தெரிந்த ஆளிடம் கொடுத்துத் துடைத்து, கணினியில் ஏற்றி வையுங்கள். வெட்டாத பிரதி அதுவாகவே இருக்கலாம்.