ஒரே பிடி, இரண்டு பாதைகள்

பாடல் தாளில் சாய்கோடு போட்ட கார்டைக் கண்டால், கிட்டார் பழகும் இளையர்கள் பலர் கோட்டுக்குப் பின்னால் உள்ள எழுத்தை விட்டுவிட்டு வாசிப்பதுண்டு. ஒரு சுரம்தானே, போனால் போகட்டும் என்ற எண்ணம். ஆனால் பாடல் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பதைப் பாடகருக்கு உணர்த்துவதே அந்த ஒரு சுரம்தான்.

'ஹாஃப் டிமினிஷ்டு' கார்டில் இது நன்றாக விளங்கும். பி ஹாஃப் டிமினிஷ்டு என்பது பி, டி, எஃப், ஏ ஆகிய நான்கு சுரங்களின் சேர்க்கை. தாளில் 'பி மைனர் செவன் ஃபிளாட் ஃபைவ்' என்றும் இருக்கலாம். இரண்டும் ஒன்றே.

பிடிப்பது எப்படி? தடித்த தந்தியை ஆறாவது தந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்காட்டி விரலைப் படுக்கவைத்து, ஐந்தாம், மூன்றாம் தந்திகளை இரண்டாம் ஃபிரெட்டில் அழுத்துங்கள். மோதிர விரல் நான்காம் தந்தியிலும், சுண்டு விரல் இரண்டாம் தந்தியிலும் மூன்றாம் ஃபிரெட்டில் இருக்கட்டும். இரு ஓரத் தந்திகளையும் மீட்ட வேண்டாம். இந்த ஒலி சி மேஜருக்கும் போகலாம், ஏ மைனருக்கும் போகலாம். நடுவில் நின்று தயங்கும்.

அந்தத் தயக்கத்தைத் தீர்ப்பது அடிச்சுரம். சும்மா இருக்கும் நடுவிரலை ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் வையுங்கள். அது ஜி. சாய்கோட்டுக்குப் பின் 'ஜி' என்று எழுதுவது இதற்குத்தான். மற்ற விரல்கள் அசையவில்லை. ஆனால் கார்டு 'ஜி நைன்' ஆகிவிட்டது. காது அடுத்து சி மேஜரை எதிர்பார்க்கும்.

நடுவிரலை எடுத்துவிட்டு, ஆறாம் தந்தியை அழுத்தாமல் மீட்டினால் அடிச்சுரம் இ. ஒலி சற்றே இருண்டு, இ செவன் வழியாக ஏ மைனரை நாடும். அடியில் டி வந்தாலோ, அதே நான்கு சுரங்கள் 'டி மைனர் சிக்ஸ்' என்ற பெயர் பெறும்.

இந்தத் தயக்கம் இசையுலகுக்குப் புதிதல்ல. 1865இல் மியூனிக் நகரில் அரங்கேறிய வாக்னரின் 'டிரிஸ்டான் உண்ட் இசோல்டே' இசைநாடகம், காதுக்கு இதே வகையாக ஒலிக்கும் ஒரு கார்டை ஆரம்பத்திலேயே ஒலிக்கவிட்டுக் காத்திருக்க வைக்கிறது.

குழுவில் பேஸ் கிட்டார் இருந்தால் அடிச்சுரத்தை அவரிடம் விட்டுவிடலாம். தனியாகத் துணை வாசிக்கும்போது விட்டால், அடுத்த அடியை எடுக்க வேண்டிய பாடகர் தடுமாறுவார். வீட்டில் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக மீட்டி, ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுத்தி, மனத்தில் எழும் அடுத்த சுரத்தை முணுமுணுத்துப் பாருங்கள். கை பழகும் முன்பே காது வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.