கடைசியில் தொடங்கிய சிம்பொனி

பேத்தோவனின் மூன்றாம் சிம்பொனியான 'எரோய்க்கா' அதன் கடைசிப் பகுதியிலிருந்து முளைத்தது. அந்தப் பகுதியின் மெட்டை 1801-இல் ஒரு பாலே நாடகத்துக்காக அவர் எழுதியிருந்தார். மறு ஆண்டு அதே மெட்டைப் பியானோவில் 15 விதமாக மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தார். அந்த வேலை முடிந்த கையோடு, அதே நோட்டில், புதிய சிம்பொனிக்கான முதல் குறிப்புகள் வந்துவிடுகின்றன. போய்ச் சேரும் ஊர் தெரிந்த பிறகுதான் பாதை போட்டிருக்கிறார்.

இதையெல்லாம் நாம் அறிவது அவருடைய வரைவு நோட்டுகளால். காது கேளாமைதான் அவரைக் காகிதத்திடம் தள்ளியது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, காது நன்றாகக் கேட்ட இளவயதிலேயே இந்தப் பழக்கம் இருந்தது. மேசையில் மையால் எழுதப் பெரிய நோட்டு, நடக்கும்போது பென்சிலால் கிறுக்கச் சட்டைப்பை நோட்டு. வீடு மாறிக்கொண்டே இருந்த மனிதர் இவற்றை மட்டும் கடைசிவரை தொலைக்காமல் வைத்திருந்தார். அவர் இறந்த 1827-இலேயே அவை ஏலத்தில் சிதறின. பின்னர் குஸ்டாவ் நோட்டெபோம் என்ற அறிஞர் அந்தக் கோழிக்கிறுக்கலைப் பொறுமையாகப் படித்து அச்சேற்றினார். இசையுலகம் அவருக்குப் பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

அந்த நோட்டுகளில் பேத்தோவன் ஒரு பகுதி முழுவதையும் முதலில் ஒற்றை வரியாகவே ஓட்டிப் பார்ப்பார். எந்த வாத்தியம் எதை வாசிக்கும் என்பதெல்லாம் பிறகுதான். பிடிக்காத இடத்துக்கு மாற்று எழுதி, பக்கத்தில் 'இது மேல்' என்று பிரெஞ்சில் குறிப்பார். பின்பு அதையும் அடிப்பார்.

ஐந்தாம் சிம்பொனியின் கரு நான்கே சுரங்கள்: மூன்று குறில், ஒரு நெடில். முதல் குறிப்புகள் 1804-ஐச் சேர்ந்தவை. வியன்னாவில் அரங்கேறியது 1808 டிசம்பர் 22-இல். அந்தத் தாளக்கட்டு முதல் பகுதி முழுக்க அடுக்கடுக்காக வளர்கிறது, மூன்றாம் பகுதியில் ஹார்ன்களின் முழக்கமாகிறது, வெற்றிக்களிப்பான கடைசிப் பகுதிக்குள்ளும் புகுந்துவிடுகிறது. மெட்டு சிறியதாக இருந்ததால்தான் இத்தனை இடத்துக்கு அதை எடுத்துச் செல்ல முடிந்தது என்பது என் எண்ணம்.

ஒன்பதாம் சிம்பொனியின் ஆனந்தப் பாடலைக் குழந்தைகூட ஒருமுறை கேட்டுப் பாடிவிடும். பெரும்பாலும் அடுத்தடுத்த சுரங்களிலேயே நடக்கும் மெட்டு. ஐம்பதைக் கடந்து, செவி அடங்கிப்போன நிலையில், அந்த எளிமைக்காக அவர் எழுதி எழுதித் திருத்திய வடிவங்கள் நோட்டுகளில் வரிசையாகக் கிடக்கின்றன.