கூட்டாக எழுதப்படும் போர் வரலாறு: துல்லியம் பேணுவது எவ்வாறு?

போர் வரலாற்றைப் பலர் கூடி எழுதுவது புதியதொன்றல்ல. ஜப்பானில் 1966 முதல் 1980 வரை 102 தொகுதிகளாக வெளிவந்த உத்தியோகபூர்வப் போர் வரலாறு பலரது கூட்டுழைப்பின் விளைவாகும். 2001 இல் விக்கிப்பீடியா தோன்றிய பின்னர் இப்பணியில் எவரும் பங்கேற்கலாம் என்ற நிலை உருவாகியது. இதனால் தகவல்கள் பெருகியுள்ள அதேவேளை, அவற்றுக்குப் பொறுப்புக் கூறுபவர் யார் என்ற கேள்வியும் எழுந்துள்ளது.

எமது நாடு கண்ட ஒரு தாக்குதலையே உதாரணமாகக் கொள்ளலாம். 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இருபதுக்கும் மேற்பட்ட எதிரி விமானங்கள் வீழ்த்தப்பட்டதாகப் பிரித்தானியத் தரப்புக் கூறியது. ஜப்பானியப் பதிவுகளின்படி அன்று கொழும்பில் அவர்கள் இழந்தவை 7 மாத்திரமே. ஜப்பானியரும் தமது வெற்றியை மிகைப்படுத்தியே அறிவித்தனர். ஆகவே, ஒரு தரப்பின் இழப்பை அத்தரப்பின் உள்ளகப் பதிவுகளிலிருந்தே முதலில் அறிய முற்பட வேண்டும். எதிர்த்தரப்பின் கூற்றைக் குறிப்பிடுவதாயின், அது கூற்று என்பதைத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். இரண்டையும் கூட்டிச் சராசரி காண்பது நடுநிலையாகாது.

நேரக் குறிப்புகளிலும் இத்தகைய சிக்கல் உண்டு. ஜப்பானியக் கடற்படை எங்கு சென்றாலும் டோக்கியோ நேரத்தையே பின்பற்றியது. ஒருவர் அந்நேரத்தையும் மற்றொருவர் இலங்கை நேரத்தையும் ஒரே கட்டுரையில் எழுதினால் நிகழ்வுகளின் ஒழுங்கே தலைகீழாகிவிடும்.

சொற்றெரிவும் முக்கியமானது. ஏப்ரல் 9 ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டதில் 307 பேர் உயிரிழந்தனர். அதனுடன் சென்ற வம்பயர் நாசகாரிக் கப்பலும் அன்றே மூழ்கியது. வம்பயர் அவுஸ்திரேலியக் கடற்படைக்குரியதாகும். இரண்டையும் பிரித்தானியக் கப்பல்கள் என எழுதுவது தவறு. அவ்வாறே, ஆங்கில அறிக்கைகளில் கொல்லப்பட்டோர், காயமடைந்தோர், காணாமற்போனோர் ஆகிய மூவகையினரையும் சேர்த்துக் குறிக்கும் சொல்லை 'உயிரிழந்தோர்' என மொழிபெயர்த்தால் மரண எண்ணிக்கை பன்மடங்காகிவிடும்.

எனவே கூட்டாக எழுதுவோர் சில நெறிகளை முற்கூட்டியே வகுத்துக்கொள்ளல் அவசியமாகும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் மூலம் காட்டப்படல் வேண்டும். சான்றுகள் முரண்படுமிடத்து இரண்டையும், அவற்றைச் சொன்னவர் யார் என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். 'தாக்குதல் நடத்தப்பட்டது' என்று முடித்துவிடாமல், அதனை நடத்தியது யார் என்பது தெரிந்திருப்பின் கூறுதல் வேண்டும். 'வீரமிக்க', 'கோழைத்தனமான' போன்ற அடைமொழிகள் தவிர்க்கப்படல் வேண்டும்.

80 ஆண்டுகளுக்கு முந்திய தாக்குதலுக்கே இத்தனை கவனம் தேவையெனில், 2009 இல் முடிவுற்ற எமது போரைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் 2009 இல் முள்ளிவாய்க்காலில் உறவுகளை இழந்த தமிழ் மக்களும் தத்தம் துயரம் குறைக்கப்படாமலும் மறைக்கப்படாமலும் பதியப்படுவதையே எதிர்பார்க்கின்றனர். ஒரு சமூகத்தின் இழப்பை மற்றைய சமூகத்தவரும் அதே கண்டிப்புடன் சரிபார்த்து எழுத முன்வருவார்களாயின், அவ்வரலாற்றை இரு சமூகங்களும் நம்பிக்கையுடன் வாசிக்க முடியும் என நாம் கருதுகின்றோம்.